பெயர் போட்டால் புகழ், போடாவிட்டால் கிசுகிசு

சித்தப்பா மகளின் கல்யாணச் செய்தி எங்கள் ஊர்ப் பதிப்பில் வந்தது. ஞாயிறு இணைப்பில் ஒருவர் வாராவாரம் ஊர் நிகழ்ச்சிகளையும் பிரபலங்களையும் பற்றிப் பத்தி எழுதுகிறார், அதில். பத்தியில் இடம்பிடிக்கும் அளவுக்கு நாங்கள் யாரும் பெரிய ஆட்கள் இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமா ஒரு கட்சியில் பொறுப்பில் இருக்கிறார், அதனால் எம்.எல்.ஏ. வந்தார், எம்.எல்.ஏ. வந்ததால் செய்தி வந்தது. மொத்தம் பன்னிரண்டு வரி. எம்.எல்.ஏ., முன்னாள் எம்.எல்.ஏ., இரண்டு கல்லூரித் தாளாளர்கள், ஒரு நகைக்கடை அதிபர், சீரியலில் வில்லனாக வரும் ஒருவர், மண்டபத்தின் பெயர், சமையல் காண்டிராக்டரின் பெயர். மணமக்கள் கடைசி வரியில்தான் வந்தார்கள். அதிலும் பெண்ணின் பெயரில் ஓர் எழுத்து தப்பு. சித்தி நீலப் பேனாவால் அந்த எழுத்தைத் திருத்திவிட்டு, கட்டிங்கை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

பத்தி எழுதுபவர் மண்டபத்துக்கு வந்தாரா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயர்ப் பட்டியலை மாப்பிள்ளை வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். போட்டோ, கல்யாணத்துக்கு நாங்கள் பேசி வைத்திருந்த ஆள் எடுத்தது. 'விழா களைகட்டியது', 'திரளாகக் கலந்துகொண்டு வாழ்த்தினர்' என்பவை மட்டும் பத்தியாளர் சேர்த்தவை. அந்த இரண்டு வாக்கியங்களை எந்தக் காதணி விழாவுக்கும், எந்த ஷோரூம் திறப்புக்கும், எந்த இசை வெளியீட்டுக்கும் அப்படியே ஒட்டலாம். அடுத்த ஞாயிறே ஒரு கண் மருத்துவமனைத் திறப்பு விழாவும் களைகட்டியது.

இந்த மாதிரிப் பத்திகளைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை, 'நாட்டில் எவ்வளவோ பிரச்சினை இருக்க, நடிகை கடை திறந்ததெல்லாம் செய்தியா?' என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போகிறார்கள், ஒரு கல்லூரி அதிபரும் அமைச்சரும் எந்த மேடையில் அடுத்தடுத்து உட்காருகிறார்கள், ஒரு ஊரில் திடீரென்று யார் கையில் பணம் வந்திருக்கிறது என்பதெல்லாம் நல்ல செய்திதான். மாவட்ட அரசியலைக் கல்யாண மண்டப வாசலில் கட்டியிருக்கும் பிளெக்ஸை வைத்தே பாதி சொல்லிவிடலாம். பிரபலங்களைப் பற்றி எழுதுவதல்ல கோளாறு. அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் எப்படி ஏறுகிறது, எப்படி மறைகிறது என்பது வாசகருக்கு ஒருபோதும் சொல்லப்படுவதில்லை. புகழ வேண்டுமென்றால் பெயர் வருகிறது, கூடவே ஊரும் பட்டமும் வருகின்றன. குறை சொல்ல வேண்டுமென்றால் பெயர் போய், 'மூன்றெழுத்து நடிகை' வந்து நிற்கிறார். ஒரே பக்கம்தான், எழுதுவதும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

பெயர் ஏறும் விதத்தை முதலில் பார்ப்போம்.

மாவட்டப் பதிப்புகளில் எழுதும் பலர் முழுநேர ஊழியர்கள் அல்லர். பகுதி நேர நிருபர் என்று அடையாள அட்டை இருக்கும். கையில் வருவது சொற்பம். தீபாவளி மலர், பொங்கல் மலர், பத்திரிகையின் ஆண்டு விழா மலர் என்று வரும்போது அவர்களும் விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அதில் வரும் கமிஷன்தான் பலருக்குச் சம்பளத்தைவிட நம்பகமான வருமானம். ஆகஸ்டில் நகைக்கடைக்காரரின் மகன் வரவேற்பைப் பற்றி நான்கு வரி எழுதுகிறவர், அக்டோபரில் அதே நகைக்கடைக்கு அரைப் பக்க விளம்பரம் கேட்டுப் போய் நிற்கிறார். அவரிடம் போய் 'நடுநிலை' என்று பேசினால் சிரிப்பார். அவரை மட்டும் திட்டுவதில் பயனில்லை; செய்தியையும் விளம்பரத்தையும் ஒரே ஆள் தலையில் ஏற்றியது நிர்வாகம்.

சென்னையில் இது இன்னும் நேர்த்தியாக நடக்கும். நட்சத்திர விடுதியில் பிரஸ் மீட். வாசலில் பி.ஆர்.ஓ. என்ற மக்கள் தொடர்பாளர், கையில் பட்டியல். உள்ளே மேடை, பொன்னாடை, பூங்கொத்து, பேச்சு. அப்புறம் பஃபே. கிளம்பும்போது ஒரு கைப்பை: பத்திரிகைக் குறிப்பு, பென் டிரைவ், சில இடங்களில் பணம் வைத்த ஒரு கவர். 'கவர் வாங்குவது' என்றால் என்னவென்று பத்திரிகை உலகில் விளக்கவே வேண்டியதில்லை. வாங்காதவர்களும் உண்டு, வாங்கக் கூடாது என்று கண்டிப்பாக வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நடத்தை விதிகள் பரிசு, சலுகை, இலவசப் பயணம் எதையும் பத்திரிகையாளர் ஏற்கக் கூடாது என்கின்றன. கவுன்சிலால் கண்டிக்க முடியும், தண்டிக்க முடியாது. அதனால் விதி விதியாக இருக்கிறது, கவர் கவராக இருக்கிறது.

பி.ஆர்.ஓ. என்ற வேலையே கெட்டது என்று சொல்ல வரவில்லை. தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று அறியப்படும் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், 1958இல் எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய நாடோடி மன்னன் படத்துக்குப் பத்திரிகைத் தொடர்பைக் கவனித்தார். அடிப்படையில் அவர் புகைப்படக்காரர். படங்களின் ஸ்டில்களையும் விவரங்களையும் 2016இல் இறக்கும்வரை சேர்த்துக்கொண்டே இருந்தார். தமிழ்ப் பட வரலாறு எழுத உட்காரும் எவரும் அவர் தொகுத்த பட்டியல்கள் பக்கம் போகாமல் இருக்க முடியாது. கம்பெனிக்காக வேலை பார்த்தவரிடமிருந்து ஆவணம் கிடைத்தது. சுதந்திரமாக எழுதியதாகச் சொல்லிக்கொண்ட எத்தனையோ பத்திகளைத் திருப்பிப் பார்த்தால் 'களைகட்டியது' மட்டும்தான் மிஞ்சுகிறது. இது கொஞ்சம் வேடிக்கையான விஷயம்தான்.

கவர் கொடுப்பது தனி ஆட்களின் பழக்கமாக இருந்தவரை அதற்கு ஒரு கூச்சம் இருந்தது. 2003இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் அந்தக் கூச்சத்தை எடுத்துவிட்டது. மீடியாநெட் என்ற பெயரில் தன் நகர இணைப்புகளில் கட்டணத்துக்குச் செய்தி இடம் தரும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஒரு விருந்தின் படங்கள், ஒரு உணவகத்தின் திறப்பு, ஒரு நடிகரின் பேட்டி என்று நிருபர் எழுதியதைப் போலவே தோன்றும். பின்னால் கட்டணம் இருக்கும். பத்திரிகையின் தரப்பு வாதமும் ஒருவகையில் நேர்மையானது: பி.ஆர்.ஓ.க்கள் எப்படியும் நிருபருக்குக் கொடுக்கிறார்கள், அதை நிறுவனமே வாங்கிக்கொண்டால் என்ன? இணைப்பின் தலைப்புக்கு அடியில், கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய எழுத்தில், இது விளம்பரக் கட்டுரை, பொழுதுபோக்கு விளம்பர அம்சம் என்ற பொருளில் ஒரு வரி அச்சானது. அந்த ஒரு வரி பக்கம் முழுவதற்கும் பொது. எந்தப் படம் செய்தி, எந்தப் படம் காசு கொடுத்தது என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது.

அந்தப் பத்திரிகையின் சென்னைப் பதிப்பு 2008 ஏப்ரல் 14 அன்று வந்தது. அதற்குள் விருந்துப் படங்கள் நிறைந்த பக்கத்துக்கு நாடெங்கும் 'பேஜ் த்ரீ' என்ற பெயர் ஒட்டிவிட்டது. அதற்கடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்களின் செய்திகளே விலைக்கு வந்தபோது எல்லோரும் அதிர்ந்தார்கள். 'காசுக்குச் செய்தி' பற்றி விசாரிக்கப் பத்திரிகை கவுன்சில் பரஞ்சய் குஹா தாகுர்தா, கே. ஸ்ரீநிவாஸ் ரெட்டி ஆகிய இருவரை நியமித்தது. 2010இல் அவர்கள் கொடுத்த அறிக்கை, தேர்தலோடு நிற்காமல் இந்த இணைப்பு வியாபாரம்வரை பின்னோக்கிப் போனது. கல்யாண வரவேற்புப் படத்துக்குக் காசு வாங்கப் பழகிய கை, வேட்பாளரின் ஊர்வலத்துக்கு வாங்குவதில் பெரிய தடை எதுவும் இல்லை. அறிக்கையை முழுதாக வெளியிடக் கவுன்சிலே தயங்கியது, சுருக்கத்தைத்தான் முதலில் வெளியிட்டது. பத்திரிகைகளைப் பற்றிப் பத்திரிகைகளின் சபை எழுதிய அறிக்கைக்கு அந்தக் கதி.

சரி, இது பெயர் ஏறும் கதை. பெயர் மறையும் கதை நம் ஊரில் இன்னும் பழையது, இன்னும் கொடியது.

1943இல் சி.என். லட்சுமிகாந்தன் சென்னையில் சினிமா தூது என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். இளமையில் மோசடி வழக்கில் தண்டனை பெற்று அந்தமான்வரை போய் வந்தவர். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று அவர் எழுதியவை சுடச்சுட விற்றன. எழுதாமல் இருக்கப் பணம் கேட்கிறார் என்றும் பேச்சு இருந்தது. அது யுத்த காலம்; பத்திரிகை நடத்த அரசின் அனுமதி வேண்டும். எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள், அனுமதி ரத்தானது. லட்சுமிகாந்தன் இந்து நேசன் என்ற பத்திரிகையோடு திரும்பி வந்தார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரிப் பக்கம் ரிக்‌ஷாவில் போகும்போது அவரைக் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார்.

மனுக் கொடுத்த மூவரும் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் என்.எஸ்.கே.வுக்கும் ஆயுள் தண்டனை. 1944 தீபாவளிக்கு வெளியான பாகவதரின் ஹரிதாஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது, கதாநாயகன் சிறையில் இருந்தார். அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பிய வழக்கில் 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். என்.எஸ்.கே. ஓரளவு எழுந்தார், பாகவதர் எழவே இல்லை. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

இந்தக் கதையை எல்லோரும் ஒரு கொலைக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வியாபாரம். அன்று பெயர் வராமலிருக்கப் பணம் கொடுத்தார்கள் என்றால், அறுபது வருஷம் கழித்துப் பெயர் வருவதற்குக் கொடுத்தார்கள். விற்ற சரக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியவருக்கு மட்டும் அந்தப் பேரம் தெரியாது.

லட்சுமிகாந்தன் வழக்குக்குப் பிறகு சினிமா பத்தி செத்துவிடவில்லை, பேச்சை மாற்றிக்கொண்டது. 'வாரிசு நடிகர்', 'நம்பர் நடிகை', 'பூப்பெயர் இயக்குநர்' என்று விடுகதை போடக் கற்றுக்கொண்டது. தமிழ் அதற்கு ஒரு வசதியும் செய்து கொடுத்திருக்கிறது. 'பிரிந்துவிட்டார்கள்' என்று எழுதினால் எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். 'பிரிந்துவிட்டார்களாம்' என்று எழுதினால் யாரோ சொன்னார்கள், நான் கேட்டேன், அவ்வளவுதான். அந்த 'யாரோ' யார் என்று கேட்க முடியாத மாதிரி ஒரு 'ஆம்' கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. பாட்டி கதை சொல்லும்போது அழகாக இருக்கும் விகுதி அது. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்' என்றால் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. அதே விகுதி ஒரு பெண்ணின் குடும்பத்தைப் பற்றிய வரியில் வரும்போது, ஆதாரம் கேட்காத பழக்கத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு பத்தியில் எத்தனை 'ஆம்' இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் அதே பக்கத்தில் வரும் படவிழாச் செய்தியில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். நகைக்கடையை யாரும் 'திறந்து வைத்தாராம்' என்று எழுதுவதில்லை.

பெயர் போடாமல் எழுதினால் சட்டம் தொடாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அது தப்பு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356ஆம் பிரிவு. குத்தலாகவோ, 'இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம்' என்ற பாணியிலோ சொன்னாலும் அவதூறாகலாம் என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. வாசகர் ஆளைக் கண்டுபிடித்துவிட முடிந்தால் போதும். ஆனால் யார் வழக்குப் போடுவார்? போடுகிறவர் முதலில் 'அந்த மூன்றெழுத்து நடிகை நான்தான்' என்று நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாமல் இருந்த விஷயம் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடும். கிசுகிசுக்காரரின் உண்மையான பாதுகாப்பு இதுதான், சட்டத்தின் ஓட்டை அல்ல.

பெயரை மறைப்பதில் ஒரு நாகரிகம் இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் தலைகீழ். பெயர் போட்டு எழுதினால் பாதிக்கப்படுபவர் ஒருவர், அவர் மறுக்கவாவது செய்யலாம். 'வாய்ப்பில்லாமல் வெளிநாட்டில் செட்டிலான மூன்றெழுத்து நடிகை' என்றால் அந்த அளவுக்குப் பொருந்துகிற ஏழெட்டுப் பேர் மேல் சேறு விழுகிறது. ஒருவர் மறுத்தால் 'அவரை நாங்கள் சொல்லவில்லையே' என்று முடித்துவிடலாம். இந்த விடுகதைகளில் நடிகை வரும் அளவுக்கு நடிகர் வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நடிகர் வந்தால் சம்பளத்தைப் பற்றி, படம் கைவிட்டுப் போனதைப் பற்றி. நடிகை வந்தால் வயது, உடம்பு, கல்யாணம், அம்மா. தயாரிப்பாளர் கிட்டத்தட்ட வருவதே இல்லை. விளம்பரம் அவர் கொடுக்க வேண்டும்.

அந்தரங்கத்தின் எல்லை எது என்று உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்ன முக்கியமான தீர்ப்பும் தமிழ்நாட்டு வழக்கிலிருந்து வந்ததுதான். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிட முயன்றபோது சிறைத் துறை தடுத்தது. வெளியிடலாம் என்றது நீதிமன்றம், ஆனால் பொது ஆவணங்களில் இருக்கும் அளவுக்கு. ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது என்றும், பொதுப் பதவியில் இருப்பவரின் அலுவல் சார்ந்த நடத்தைக்கு அந்தக் கவசம் கிடையாது என்றும் சொன்னது. நம் பத்திகள் இதை அப்படியே கவிழ்த்துப் போட்டிருக்கின்றன. நடிகையின் கர்ப்பம் பற்றி ஊகம் வரும். அமைச்சர் எந்தக் காண்டிராக்டர் வீட்டு விருந்தில் சாப்பிட்டார் என்பது 'வாழ்த்தினார்' என்று முடிந்துவிடும்.

இதையெல்லாம் மீறி ஊரைப் பற்றி வாராவாரம் எழுத முடியாதா? முடியும். சென்னை வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா தி இந்துவின் மெட்ரோ பிளஸ் இணைப்பில், 2019இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள், மெட்ராஸ் மிஸ்லேனி என்ற பத்தியை எழுதினார். அவரும் விழாக்களுக்குப் போனார், பெரிய குடும்பங்களைப் பற்றி எழுதினார், கிளப்புகளையும் கம்பெனிகளையும் பற்றி எழுதினார். பழைய ஆங்கிலேயக் கம்பெனிகள் மீதும் கனவான்கள் மீதும் அவருக்கு இருந்த வாஞ்சை எனக்குச் சில சமயம் சலிப்பாக இருக்கும்; வடசென்னை அவர் எழுத்தில் தென்பட்டது குறைவு என்றுகூடச் சொல்வேன். ஆனால் அந்தப் பத்தியில் ஒரு பகுதி உண்டு, தபால்காரர் கதவைத் தட்டியபோது என்ற பொருள்படும் தலைப்பில். வாசகர்கள் எழுதிய திருத்தங்கள், மறுப்புகள், 'என் தாத்தாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் வருஷம் தப்பு' என்ற கடிதங்கள் அங்கே வரும். தப்பை ஒப்புக்கொள்வதே அவருக்கு அடுத்த வாரத்துக்கான சரக்காகிவிடும்.

சித்தப்பா மகள் பெயரில் விழுந்த எழுத்துப் பிழையைச் சொல்ல நான் எங்கள் ஊர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். 'எம்.எல்.ஏ. பேரு சரியா வந்திருக்குல்ல சார்?' என்று கேட்டார். வந்திருக்கிறது என்றேன். 'அப்ப ஒண்ணும் பிரச்சினை வராது சார்' என்று வைத்துவிட்டார்.

இன்றைக்கு வாசகர்கள் இந்தப் பத்திகளைவிட இன்ஸ்டாகிராமில்தான் பிரபலங்களைப் பார்க்கிறார்கள், கிசுகிசு யூடியூபுக்குக் குடிபோய்விட்டது. அங்கே பெயரைச் சொல்லியே பேசுகிறார்கள், 'ஆம்' விகுதியும் கூடவே போயிருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் எனக்கு விசித்திரமாகத் தெரிகிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, சமூக ஊடகங்களில் பொருள்களைப் பரிந்துரைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பணமோ இலவசப் பொருளோ ஹோட்டல் தங்கலோ வாங்கியிருந்தால், அதைப் பார்வையாளருக்குப் புரியும் மொழியில், கண்ணில் படும்படி, ஒவ்வொரு பதிவிலும் சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தினால் நுகர்வோர் சட்டப்படி 10 லட்சம் ரூபாய்வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம்வரை. கோயம்புத்தூரில் பிரியாணிக் கடைக்கு ரீல் போடும் இருபது வயதுப் பையனுக்கு இது பொருந்துகிறது. அதே கடையின் திறப்பு விழாவைப் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதுகிறவர், பத்தியின் அடியில் 'கடைக்காரர் அழைத்ததால் போனேன், சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்கவில்லை, விளம்பரம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது' என்று மூன்று துண்டு வாக்கியம் போட்டு நான் இதுவரை பார்த்ததில்லை.